சீட்டில் இருக்கும் இங்கிலீஷ்

மயிலாப்பூரிலிருந்து அடையாறு போனாலே டிக்‌ஷனரி தேவைப்படும் நண்பர்களே! சாந்தோம் 'பசிலிக்கா' என்பது போப்பாண்டவர் தனிச்சிறப்பு தந்த தேவாலயம். அடையாறில் 'தியோசாபி' என்றால் பிரம்மஞானம். அந்தச் சபைத் தோட்டத்தில் 1989 புயலில் தாய்மரம் சாய்ந்த ஆலமரம் 'பேன்யன்'. நிழலில் கடைவிரித்த பனியா வியாபாரிகளால் வந்த பெயராம்!

இவை தெரியாவிட்டால் குடிமுழுகாது. ஆஸ்பத்திரிச் சீட்டு அப்படியா? எங்கள் தெருவில் யாருக்கு ரிப்போர்ட் வந்தாலும், "காலேஜ் படிக்கிற பிள்ளை, படிச்சுச் சொல்லு" என்று என்னிடம்தான் நீட்டுகிறார்கள். 'பயாப்ஸி' என்பது சதைத்துணுக்கு எடுத்துச் சோதிப்பது. கட்டி 'பினைன்' என்றால் புற்று இல்லை. 'மேலிக்னன்ட்' என்றால் புற்று. 'நெகட்டிவ்' என்று படித்ததும் ஓர் அம்மா அழுதே விட்டார். தேடிய நோய் இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்! கீழே தமிழில் ஒரு வரி போட்டால் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு என்ன நஷ்டம்? அதுவரை இந்த நாலு வார்த்தையையும் நாமாவது உருப்போட்டு வைப்போம். மைக்ரோபிராசசர் பாடத்தையே உருப்போடுகிறோமே!