கதையைக் கொண்டார், தமிழைத் தள்ளினார்

1942ஆம் ஆண்டு சேலம் மாடர்ன் தியேட்டர்சு நிறுவனத்தார் 'மனோன்மணி' என்றொரு திரைப்படத்தை வெளியிட்டனர். இயக்கியவர் டி.ஆர்.சுந்தரம். தலைவியாக நடித்தவர் டி.ஆர்.இராசகுமாரி. தலைவனாக நடித்தவர் புதுக்கோட்டை தந்த பெருநடிகர் சின்னப்பா. பெருஞ்செலவில் எடுக்கப்பெற்ற அப்படம் நன்கு ஓடிற்று, பெரும்பொருளும் ஈட்டிற்று. அதன் மூலமோ, திருவனந்தபுரத்தில் மெய்ப்பொருளியல் பேராசிரியராய் விளங்கிய சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' என்னும் செய்யுள் நாடகம்.

நூலின் பெயரில் நின்ற ஈற்றசை திரையில் உதிர்ந்துபோயிற்று. ஓர் அசை உதிர்ந்ததற்கா இத்துணை மனவருத்தம் என்று வினவுவாரும் உளர். உதிர்ந்தது அவ்வசை மட்டுமாயின் அதனை அச்சுப்பிழையெனக் கருதி அப்பாற் செல்லலாம். அதனோடு உதிர்ந்தவை எவை என்பதே இங்கு வினா.

மனோன்மணீயத்தின் கதை தமிழ்க்கதை அன்று. ஆங்கிலப் பாவலர் இலிட்டன் பெருமகனார் 1866இல் வெளியிட்ட தொகுப்பொன்றில் வரும் 'மறைவழி' என்னும் கதைப்பாட்டைத் தழுவியது அது. ஆசிரியர் இதனை மறைத்தாரும் அல்லர். எனின், அந்நூலில் தமிழுக்கு உரியது யாது? பாண்டியன் சீவகன் மதுரையை விட்டு நெல்லைக்குத் தலைநகரை மாற்றும் நிகழ்வு தமிழ்மண்ணுக்கு உரியது. நாஞ்சில் நாட்டு உரிமை பற்றிய வழக்கு தமிழர் வழக்கு. அமைச்சன் குடிலன் தன் மன்னனைப் புகழ்ந்து புகழ்ந்தே புதைகுழிக்கு இழுத்துச் செல்லும் பேச்சின் நெளிவு தமிழின் நெளிவு. ஓடைக்கரையில் நின்று நடராசன் நாங்கூழ்ப் புழுவின் உழைப்பை வியந்து பேசுகின்றானே, அந்தப் பகுதிக்கு ஈடான ஒன்றைத் தமிழ் நாடகத்தில் எங்குத் தேடுவது? போருக்குமுன் படைமறவரிடையே மன்னன் ஆற்றும் உரையைப் படித்துக் குருதி சூடேறாத தமிழன் இருப்பானாயின் அவனுக்கு மருத்துவந்தான் தேவை. இவை யாவும் ஆசிரியப்பாவில் அமைந்தவை. நாடகத்துக்கு முன்பாகத் தமிழையே தெய்வமாக நிறுத்தி வணங்கும் பாட்டு நிற்கிறது. இறைவனை வாழ்த்தித் தொடங்கும் வழக்கத்துக்கு இடையே, மொழியையும் தெய்வமாக வாழ்த்திய துணிவு அது.

கதை இரவல், தமிழ் சொந்தம். திரையுலகம் செய்ததென்ன? இரவலைப் பொன்போல் எடுத்துக்கொண்டது. சொந்தத்தைப் பதரென்று தூற்றியது. ஆசிரியப்பா போயிற்று, அக்காலப் படங்களுக்குரிய மணிப்பவள உரைநடை வந்தது. சின்னப்பா பாடி ஊரெங்கும் முழங்கிய பாட்டொன்று, தலைவியின் முகத்தைப் புகழ எடுத்த எடுப்பிலேயே வடசொற்களைத்தான் கோத்துத் தொடுக்கிறது. கனவிற் கண்ட காதலனும், கரந்து செல்லும் நிலவறை வழியும், நள்ளிரவு மணவறையில் மாறும் மாலையும் எஞ்சின. அஃதாவது, இலிட்டன் எஞ்சினார், சுந்தரனார் எஞ்சவில்லை.

நேர்மையின் பொருட்டு ஒன்று கூறவேண்டும். சுந்தரனாரின் தமிழும் தனித்தமிழ் அன்று. நூலின் பெயரே வடமொழி. புருடோத்தமன், பலதேவன், நாராயணன் என மாந்தர் பெயர்களிற் பலவும் அவ்வாறே. மறைமலையடிகள் தனித்தமிழ்க் கொடியை உயர்த்தியது 1916இல். சுந்தரனார் மறைந்ததோ 1897இல். விதை ஊன்றியவனிடம் கனி கேட்பது முறையாகாது. அடிகள் தம் இளமையில் சுந்தரனாரைத் திருவனந்தபுரத்திற் கண்டு பழகியவர் என்பதையும், பின்னாளில் வடமொழிச் சாகுந்தலத்தையே நல்ல தமிழில் ஆக்கிக்காட்டியவர் என்பதையும் நினைத்தால், அவ்விதை எங்கு முளைத்தது என்பது விளங்கும். ஆகவே அப்படத்தார் மேல் உள்ள குற்றம் தனித்தமிழில் எடுக்கவில்லை என்பதன்று. நூலில் இருந்த தமிழையும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதே.

இதற்குப் பட முதலாளிகள் அன்று தொட்டு இன்று வரை சொல்லிவரும் விடை ஒன்றுண்டு. செய்யுளை நடிகனால் பேசமுடியாது, பேசினாலும் மக்களுக்கு விளங்காது என்பது அவ்விடை. இதைப் புதுக்கோட்டையில் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

முதலில் நடிகனைப் பார்ப்போம். பி.யு.சின்னப்பா என்று திரையுலகம் எழுதிய பெயரில் முதலெழுத்து ஊரைக் குறிப்பது. அடுத்தது உலகநாதன் என்னும் தந்தை பெயரைக் குறிப்பது. பு.உ.சின்னப்பா என்று எழுதியிருந்தால் புகழ் ஒன்றும் குறைந்திராது. அவர் பிறந்ததும் அதே 1916இல். தந்தையாரும் நாடக நடிகர். மகனும் சிறுவனாய் இருந்தபோதே நாடகக் குழுக்களிற் சேர்ந்தார். 'மதுரை ஒரிசினல் பாய்சு கம்பெனி' என்று ஆங்கிலப் பெயர் சூடிக்கொண்டு தமிழ் நாடகம் நடத்திய குழுவில் வளர்ந்தார். பின்னாளில் முதலமைச்சரான ம.கோ.இராமச்சந்திரன் நடிப்புப் பயின்றதும் அக்குழுவில்தான். அச்சிறுவர் குழுக்களின் பயிற்சி எளிதன்று. எழுதப்படிக்கச் சரிவரத் தெரியாத சிறுவர்கள் நூற்றுக்கணக்கான பாட்டுகளையும் விருத்தங்களையும் வெண்பாக்களையும் வாய்மொழியாகக் கேட்டு நெஞ்சிற் பதித்தனர். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைத் தரைக்கும் சொல் கேட்கவேண்டும். ஒரு சீர் பிறழ்ந்தால் திரைக்குப்பின் அடி விழும். அப்பயிற்சியில் உருவானவர் சின்னப்பா. சிலம்பமும் சுருள்வாளும் பயின்ற உடல், பாட்டிலும் பேச்சிலும் உருண்டு வரும் குரல் ஆகிய இரண்டும் வாய்ந்தவர். புருடோத்தமன் பேசும் ஆசிரியப்பாவை அவர் பேசியிருக்க முடியாது என்று சொல்வது, நீந்தத் தெரிந்தவனைக் குளத்தங்கரையில் உட்காரவைத்துவிட்டு அவனுக்கு நீர் ஆகாது என்று சொல்வது போன்றது.

அவரை வைத்தே அதே 1942இல் சூபிட்டர் நிறுவனத்தார் 'கண்ணகி' எடுத்தனர். அதில் அவர் கோவலன். கண்ணகியாக நடித்தவர் கண்ணாம்பா. உரையாடல் எழுதியவர் இளங்கோவன். தணிகாசலம் என்ற தம் பெயரை மாற்றி இளங்கோவன் எனச் சூடிக்கொண்ட அவ்வெழுத்தாளர், அந்நாள்வரை திரையிற் கேளாத இலக்கிய நடையைப் பேசவைத்தார். தனித்தமிழ் அன்றாயினும் மிடுக்கான தமிழ். மக்கள் விளங்கவில்லை என்று எழுந்து போயினரா? கொட்டகை நிறைந்தது. ஒரே ஆண்டு, ஒரே நடிகர், ஒரே மக்கள். ஒரு படத்தில் தமிழ் உயர்ந்தது. மற்றொன்றில் தமிழின் தலைசிறந்த செய்யுள் நாடகம் கையில் இருந்தும் அதன் மொழி கீழே போடப்பட்டது. குறை மக்களிடத்தில் இல்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

வேண்டுமென்பார்க்கு மேலும் உண்டு. 1949இல் 'வேலைக்காரி', 1952இல் 'பராசக்தி', 1959இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' ஆகிய மூன்றும் மேடையில் நாடகமாக நடந்து, பின் திரைக்கு வந்தவை. அவற்றின் உரையாடலை நாட்டுப்புறத்து இளைஞர் மனப்பாடமாய்ச் சொன்னார்கள். நூலாகவும் ஒலித்தட்டாகவும் அவை விற்றன. மேடையிலிருந்து திரைக்கு வரும்போது தமிழ் தாழத்தான் வேண்டும் என்னும் சட்டம் எங்கும் எழுதியிருக்கவில்லை.

அடுத்து, மக்கள். பேசும்படம் 1931இல் தமிழுக்கு வந்தபின் அது முதலில் விழுங்கியது சங்கரதாசு அடிகளின் நாடக மரபைத்தான். 1933இல் 'வள்ளி திருமணம்', 1934இல் 'பவளக்கொடி' என்று வரிசையாய்ப் படங்கள் வந்தன. 1922இல் மறைந்த அவ்வாசிரியர் எழுதிய நாடகங்கள் திரைப்படங்களாகி, அப்படங்களும் பழையனவாகி மறைந்தன. ஆனால் நாடகங்கள் மறையவில்லை. புதுக்கோட்டை நகரில் நாடக நடிகர் சங்கம் இன்றும் உள்ளது. மாவட்டத்துச் சிற்றூர்களில் பங்குனித் திருவிழா தொடங்கிவிட்டால், நெல்லறுத்த வயலில் மேடை கட்டி, இரவு பத்து மணிக்குத் தொடங்கும் வள்ளி திருமணம் கிழக்கு வெளுக்கும்வரை நடக்கிறது. வள்ளிக்கும் நாரதருக்கும் நிகழும் சொற்போர் மட்டுமே இரண்டு மூன்று மணி நேரம் செல்லும். பாட்டுக்குப் பாட்டு, பழம்பாடலுக்குப் பழம்பாடல், சிலேடைக்குச் சிலேடை. கேட்பவர் யார்? கல்லுடைப்போரும், கடலை பிடுங்குவோரும், ஆடு மேய்ப்போரும். விடை சொல்ல முடியாமல் நாரதர் திணறினால் கீழேயிருந்து ஒரு முதியவர் அடியெடுத்துக் கொடுக்கும் ஊர்கள் இவை. அம்மேடையிலும் வடசொல் மிகுதி. பகடி வேடத்தார் பேச்சு பல இடங்களில் காது கூசச் செய்வது. அதனை யாரும் மறுக்கவில்லை. ஆயினும் செய்யுளைக் கேட்டுச் சுவைக்கும் செவி அம்மக்களிடம் உண்டு என்பதை மறுக்க ஒருவராலும் முடியாது. அச்செவி இல்லாதவர் குளிரூட்டிய அறையில் அமர்ந்து மக்களுக்கு எது விளங்கும் என்று முடிவு கட்டியவர்களே.

பிற நாட்டார் இதில் என்ன செய்தனர்? 'மனோன்மணி' வந்து ஈராண்டில், உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோதே, ஒலிவியர் என்னும் ஆங்கில நடிகர் செகப்பிரியரின் 'ஐந்தாம் என்றி'யைப் படமாக்கினார். 1948இல் 'ஆம்லெத்து' எடுத்தார். வெட்டினார், குறைத்தார், இடம் மாற்றினார். ஆனால் பேசியவை செகப்பிரியரின் அடிகளே. 1996இல் பிரனா என்பவர் ஆம்லெத்தை ஓரடியும் விடாமல் நான்கு மணி நேரப் படமாக்கினார். சப்பானியர் குரோசாவா 1957இல் மாக்குபெத்தின் கதையைத் தம் நாட்டுப் போர்மறவர் கதையாக மாற்றி எடுத்தபோது செகப்பிரியரின் சொல் ஒன்றும் அதில் இல்லை, இருக்கவும் தேவையில்லை. அவர் மொழி வேறு, நாடு வேறு. சுந்தரனார் இலிட்டனுக்குச் செய்ததும் அதுவே. ஆனால் தமிழ்ப்படத்தார் தமிழ் நாடகத்தை, வேற்றுமொழி நாடகத்தை எடுப்பார்போல் எடுத்தனர். ஆங்கிலேயன் தன் பாவலனின் கதையை வைத்துக்கொண்டு பாவை எறிந்திருந்தால் அந்நாடு அவனை விட்டிருக்குமா?

மனோன்மணீயம் படிப்பதற்கென எழுதியது, நடிப்பதற்கென எழுதியதன்று என்று புலவரே சிலர் முதலாளிகளுக்கு உதவிக்கு வருவர். ஐந்து அங்கம், இருபது களம் என அமைந்த அந்நூலை மேடைக்குக் கொண்டுவரச் சுருக்கம் வேண்டும் என்பது மெய். நெடுந்தனிப்பேச்சுகள் சிலவற்றைத் தறிக்கத்தான் வேண்டும். இடையே வரும் சிவகாமி சரிதம் தனிப்பாட்டாக நிற்கவல்லது. அதனைப் பிரித்தும் பாடலாம். சுருக்குவது வேறு, கழற்றி எறிவது வேறு.

திரையார் எறிந்தது ஒருபுறமிருக்க, அரசு செய்தது மற்றொன்று. 1970இல் தமிழ்நாட்டரசு மனோன்மணீயத்தின் தமிழ்த்தெய்வ வணக்கத்தை விழாக்களில் பாடும் வாழ்த்தாக்கியது; 2021 திசம்பரில் அதுவே மாநிலப் பாடலாக அறிவிக்கப்பெற்றது. பாராட்டத்தக்கது. ஆனால் அப்பாட்டும் முழுமையாய் எடுக்கப்படவில்லை. தென்மொழிகள் தமிழின் வயிற்றில் பிறந்தவை என்னும் அடிகளும், உலக வழக்கு ஒழிந்த ஆரியத்தோடு தமிழின் இளமையை ஒப்பிடும் அடிகளும் நீக்கப்பெற்றன. பிறர் மனம் நோகுமாம். ஆசிரியர் எழுதிய வாழ்த்தின் முதுகெலும்பே அவ்வொப்பீடுதான். அதனை உருவிவிட்டு எஞ்சியதை எழுந்துநின்று பாடுகின்றனர். நாள்தோறும் பள்ளிகளில் இலக்கக்கணக்கான பிள்ளைகள் அதனைப் பாடுகின்றனர். அது ஒரு நாடகத்தின் முகப்பு என்பதும், அம்முகப்புக்குப் பின்னே சீவகனும் குடிலனும் நிற்கின்றனர் என்பதும் அவருள் எத்தனை பேருக்குத் தெரியும்? வாயிலைக் காட்டிவிட்டு வீட்டைப் பூட்டி வைத்திருக்கின்றனர்.

சின்னப்பா 1951இல் தம் முப்பத்தைந்தாம் அகவையில் மறைந்தார். அவர் குரலில் மனோன்மணீயத்து அடிகளைக் கேட்கும் பேறு தமிழுக்கு வாய்க்கவில்லை. இனி வாய்க்கவும் போவதில்லை. ஆனால் அவர் வந்த மேடை புதுக்கோட்டையில் இன்னும் இருக்கிறது. அங்குப் பாடுவோரும் இசைப்போரும் விடியும்வரை விழித்திருந்து கேட்போரும் இருக்கின்றனர். பழம்பதிப்புகளைப் பேணிவரும் ஞானாலயா நூலகமும் அதே நகரில் உள்ளது. சுந்தரனார் நூலுக்கு உரிமைத்தொகை எவருக்கும் கொடுக்கவேண்டுவதில்லை. மாவட்டத் தமிழ் மன்றங்களும் கல்லூரித் தமிழ்த்துறையினரும் அந்நடிகர்களோடு ஓராண்டு உட்கார்ந்து இருபது களத்தையும் ஓரிரவுக்கு ஏற்றவாறு அமைத்து, கடினமான அடிகளுக்குப் பண் அமைத்து, அடுத்த பங்குனியில் ஓர் ஊர் மேடையில் ஏற்றட்டும். வாழ்த்துப் பாடலை முதலில் பாடுவர். நீக்கிய அடிகளையும் சேர்த்து. அதனை அவ்வாறே, ஒரு சொல்லும் மாற்றாமல் படம்பிடிக்கட்டும். இன்று அதற்கு மாடர்ன் தியேட்டர்சு வேண்டியதில்லை. கையடக்கக் கருவி ஒன்றே போதும்.