மாலினாய்ஸுக்கு என்ன வேலை தருவீர்கள்?

2019 அக்டோபரில் ஐ.எஸ். தலைவர் அபுபக்கர் அல் பாக்தாதியைத் தேடி அமெரிக்கப் படை சிரியாவுக்குள் நுழைந்தபோது, காயம்பட்டவர்களின் கணக்கில் ஒரு நாயும் இருந்தது. கோனன் என்ற அந்த பெல்ஜியன் மாலினாய்ஸின் படத்தை அதிபர் டிரம்ப்பே ட்விட்டரில் போட்டார். அடுத்த மாதம் அதை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்து நிருபர்கள் முன் நிறுத்தினார். நாக்கு தொங்க, காது விறைத்து நின்ற அந்த முகத்தைப் பார்த்தால் 'நாமும் ஒன்று வளர்க்கலாமே' என்று யாருக்கும் தோன்றும்.

இரண்டு ஆண்டு கழித்து அதே மாளிகைக்கு இன்னொரு நாய் வந்தது. அதிபர் பைடனுக்கு அவருடைய தம்பி பரிசளித்த ஜெர்மன் ஷெப்பர்டு குட்டி, பெயர் கமாண்டர். 2022 அக்டோபர் முதல் 2023 ஜூலை வரை மட்டும் அது குறைந்தது 24 முறை கடித்திருக்கிறது என்று பின்னர் வெளியான சீக்ரெட் சர்வீஸ் ஆவணங்கள் சொல்லின. 2023 அக்டோபருக்குள் அதை அங்கிருந்து அப்புறப்படுத்திவிட்டார்கள். அதற்கு முன்பு அங்கே இருந்த மேஜர் என்ற ஷெப்பர்டும் கடித்துப் பெயர் எடுத்ததுதான். ஏக்கர் கணக்கில் புல்வெளி, கூப்பிட்ட குரலுக்குப் பணியாட்கள் என்று வசதிக்கு ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு புது முகம். மந்தையைக் காக்கவும் அந்நியரைக் கண்காணிக்கவும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த இனம் அதை எப்படித் தாங்கும்? குட்டி வாங்க நினைப்பவர் கோனனின் படத்தை எடுத்துவிட்டு கமாண்டரின் படத்தைச் சுவரில் மாட்டலாம்.

பயிற்சியாளர்கள் 'டிரைவ்' என்று சொல்வதைத் தமிழில் வேலைப்பசி எனலாம். சுறுசுறுப்பு வேறு, இது வேறு. ஓநாய் இரையை உற்றுப் பார்க்கும், பதுங்கும், துரத்தும், கவ்வும், கொல்லும். இந்த வரிசையில் முதல் மூன்றைக் கூர்தீட்டி மற்றதை மழுங்கடித்தார்கள், இங்கிலாந்து-ஸ்காட்லாந்து எல்லையின் ஆட்டிடையர்கள். அப்படிக் கிடைத்ததுதான் பார்டர் கோலி. மாலினாய்ஸில் கவ்வுவதும் சேர்ந்தே கூர்பட்டது. அதனால்தான் முதலையின் ஆங்கிலப் பெயரை ஒட்டுப்போட்டு 'மலிகேட்டர்' என்று அதற்குச் செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். ஆடில்லாத வீட்டில் கோலி சும்மா இருக்காது. ஓடும் பிள்ளைகளை மூலைக்கு மடக்கும், குதிகாலைக் கவ்வும், தெருவில் போகும் பைக்கை முறைத்துக்கொண்டு பாயும். அதற்காக நாயை அடிப்பது, அரிவாள் அரிகிறதே என்று கோபிப்பதைப் போன்றது.

'தினமும் இரண்டு மணி நேரம் ஓடவிடு, அடங்கிவிடும்' என்பார்கள். அரைகுறை யோசனை. ஓட ஓட அதற்கு மூச்சும் தசையும் கூடும். மூன்றாம் மாதம் அந்த இரண்டு மணி நேரம் வெறும் கை கால் உதறல். ஓயாமல் பந்து எறிவதும் அப்படித்தான், பசியைத் தூண்டிவிடுமே தவிரத் தணிக்காது. மூக்கால் தேடச் சொல்வது, சொல் வரும்வரை காத்திருக்க வைப்பது என்று மூளைக்கு வேலை வேண்டும். எல்லாவற்றையும்விட, பாயில் பேசாமல் படுத்திருப்பதையும் ஒரு பாடமாகவே சொல்லித்தர வேண்டும். மற்ற நாய்களுக்குத் தானாக வரும் அந்த ஓய்வு இவற்றில் பலவற்றுக்குப் பிறவியில் வருவதில்லை.

எவ்வளவு நேரம் ஆகும்? அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர், 2004-இல் சேசர் என்ற பார்டர் கோலி குட்டியை வாங்கினார். மூன்று ஆண்டில் அது 1,022 பொம்மைகளின் பெயரைக் கற்றுக்கொண்டது. உலகமே வியந்தது நாயின் மூளையை. வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது பில்லியின் கடிகாரத்தை: நாளுக்கு நான்கைந்து மணி நேரம், அதுவும் வேலைக்குப் போகவேண்டிய அவசியமில்லாத ஒரு மனிதர். காலை எட்டரைக்கு மின்சார ரயிலைப் பிடித்து இரவு எட்டுக்கு வீடு திரும்புபவர் இதை எங்கே கொடுப்பார்?

பெங்களூரு அருகே தரலுவில் சி.ஆர்.பி.எஃப். நடத்தும் பள்ளியில் மாலினாய்ஸ்களைப் பழக்கி நக்சல் பகுதிகளுக்கு அனுப்புகிறார்கள். அங்கே நாயோடு இருப்பதுதான் அந்தக் காவலரின் உத்தியோகம். அதற்குச் சம்பளம் உண்டு. வீட்டில் அதே உத்தியோகம் பெரும்பாலும் அம்மா தலையிலோ தாத்தா தலையிலோ விழுகிறது.

இது வெளிநாட்டு நாய்களின் சங்கதி மட்டும் என்றும் ஒதுக்கிவிட முடியாது. தென் மாவட்டங்களின் கரிசல் வெளியில் முயல் விரட்டிப் பழகியவை கன்னியும் சிப்பிப்பாறையும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த வேட்டையை நிறுத்தியது, நிறுத்தியது சரிதான். ஆனால் நாயின் கண்ணுக்குச் சட்டம் தெரியாது. 2020 ஆகஸ்டில் 'மனதின் குரல்' உரையில் பிரதமர் இவற்றின் பெயரைச் சொன்னார். நாட்டு நாய் மீது அக்கறை வருவது நல்லதே. என்றாலும் மூன்றாம் மாடி பால்கனியில் கட்டிப்போட்ட கன்னி, கீழே ஒரு பூனையைக் கண்டுவிட்டால் பிறகு எந்தக் குரலும் அதன் காதில் ஏறாது.

அரசு 2024 மார்ச்சில் ஒரு குறுக்குவழியை முயன்றது: ராட்வெய்லர், பிட்புல் உள்ளிட்ட 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தப் பட்டியலில் மாலினாய்ஸும் இல்லை, ஜெர்மன் ஷெப்பர்டும் இல்லை. ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலம் நாயை விட்டுவிட்டு ஆளைப் பிடித்தது. 2013 முதல் அங்கே புதிதாக நாய் வளர்ப்பவர் கோட்பாட்டுத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தேற வேண்டும். நம் ஊர் மாநகராட்சிகள் உரிமம் கொடுக்கும்போது நாய்க்கு ஊசி போட்டாயிற்றா என்று பார்ப்பதோடு, வளர்ப்பவருக்கு என்ன தெரியும் என்றும் பார்க்கத் தொடங்கலாம்.

மாலினாய்ஸ் 12 முதல் 14 ஆண்டு வாழும். இன்று குட்டி கேட்டு அடம்பிடிக்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பிளஸ் டூ முடித்து வெளியூர்க் கல்லூரி விடுதிக்குப் போன பிறகும், விடியற்காலை ஐந்து மணிக்கு வாசற்கதவருகே அது காத்திருக்கும். அன்றைக்கு அதை யார் கூட்டிப்போவது என்று அந்தத் தேர்வில் ஒரு கேள்வி வைக்கலாம்.