எட்டிப் பார்ப்பது வேறு, எடை போடுவது வேறு

கம்ப்யூட்டர் செஸ்ஸில் ஜெயிப்பது வேகமாகக் கணக்குப் போடுவதால்தான், வேறு சரக்கு அதனிடம் ஒன்றும் இல்லை என்று ஆனைமடுக் கரைக்கு மாலை நடை வரும் நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். பேரனுக்கும் அதையேதான் சொல்லி வளர்க்கிறார். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

கணக்கின் பெருமையை நான் மறுக்கவில்லை. எந்த மெஷினும் இத்தனை நகர்த்தல் வரை என்று ஓர் எல்லை வைத்துக்கொண்டுதான் பார்க்கும். எல்லைக்கு ஓர் அடி தள்ளி ராணி வெட்டுப்பட்டால் அதற்குத் தெரியாது. ஆகவே, செக் வரும் இடங்களில் மட்டும் கூடுதலாக எட்டிப் பார்க்க வைத்தார்கள். 1980களின் கடைசியில் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 'டீப் தாட்' மெஷினைச் செய்த குழுவில் நம் நாட்டுக்காரர் தாமஸ் அனந்தராமனும் இருந்தார். ஒரே ஒரு நகர்த்தல் மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாக மேலாக இருந்தால், அந்த வழியை மட்டும் இன்னும் ஆழமாகப் பார் என்பது அவர்கள் கண்ட உத்தி. 1988இல் அந்த மெஷின் கிராண்ட்மாஸ்டர் பென்ட் லார்சனைத் தோற்கடித்தது. அதன் வாரிசான 'டீப் புளூ', நொடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்த்து, 1997இல் காஸ்பரோவையே வென்றது.

சரி, எவ்வளவு தூரம் போனாலும் ஓரிடத்தில் நின்றுதானே ஆகவேண்டும்? நின்ற இடம் நல்லதா கெட்டதா என்று யார் சொல்வது? ராணிக்கு 9, யானைக்கு 5 என்று சில்லறை எண்ணினால் போதாது. ராஜா பத்திரமாக இருக்கிறாரா, சிப்பாய்கள் சிதறிக் கிடக்கின்றனவா என்று எடை போட வேண்டும். நம் சிவகங்கைச் சீமையில் கிணறு எத்தனை அடி தோண்டினாலும், தண்ணீர் உப்பா நல்லதா என்று நாக்குதான் சொல்கிறது.

2017இல் 'ஆல்பாஸீரோ' நொடிக்கு 80 ஆயிரம் நிலைகளைத்தான் பார்த்தது. எதிரே 'ஸ்டாக்ஃபிஷ்' பார்த்தது 7 கோடி. 100 ஆட்டங்களில் ஆல்பாஸீரோ 28 வென்றது, 72 டிரா, ஒரு தோல்விகூட இல்லை. ஸ்டாக்ஃபிஷுக்கு வசதி குறைவாகக் கொடுத்தார்கள் என்று அப்போதே குறை சொன்னார்கள். இருக்கட்டும். 2020இல் ஸ்டாக்ஃபிஷ்காரர்களே எடை போடும் வேலையை நியூரல் நெட்வொர்க்கிடம் கொடுத்தார்களே, ஏன்? வேகம் குறைந்தது, பலம் கூடியது. அனந்தராமன் குழுவின் உத்தி இன்றும் அதற்குள் இருக்கிறது. ஆனால் எங்கே ஆழமாகப் பார்ப்பது என்று முடிவு செய்யவும் எடை போடத் தெரிய வேண்டும்.

2024இல் 18 வயதில் உலக சாம்பியனான சென்னைப் பையன் குகேஷை, ஏறத்தாழ 2500 ரேட்டிங் எட்டும் வரை கம்ப்யூட்டர் பக்கமே விடவில்லை என்று அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா சொல்லியிருக்கிறார்.

தாத்தாமார்களே, பேரனுக்குப் போனில் விடையைக் காட்டாதீர்கள். "இந்த நிலை யாருக்கு நல்லது? ஏன்?" என்று கேளுங்கள். அவன் தப்பாகவே சொல்லட்டும், ஆனால் அவனே சொல்லட்டும்.