நெடுந்தூர ஓட்டக்காரர் திரும்பிப் பார்க்கும்போது

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பினாங்கை நோக்கி வருபவர்களுக்கு ஜுரு என்பது ஒரு சுங்கச்சாவடி. கட்டணம் செலுத்தியதும் கண்ணில் படுபவை தொழிற்சாலைகள், கார் விற்பனை நிலையங்கள், உணவகங்கள், கனவுந்து வரிசைகள். பாலத்தைக் கடந்து தீவுக்குள் போகும் அவசரத்தில் இவ்வூரை யாரும் நின்று பார்ப்பதில்லை. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதே வட்டாரத்தின் மண்சாலைகளில் விடியற்காலையில் ஓடிப் பழகிய ஒருவருக்கோ ஜுரு என்பது வேறோர் ஊர். ரப்பர் மரங்களுக்கும் செம்பனைகளுக்கும் நடுவில் போகும் தடம், ஆற்றங்கரை ஈரம், குவாலா ஜுரு மீனவர் குடியிருப்பிலிருந்து வரும் சேற்று வாடை ஆகியவைதாம் அவருக்கு ஊர். ஜுரு தோட்டத் தமிழ்ப்பள்ளி என்னும் பெயரில் அந்தத் தோட்டம் இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அத்தகைய ஓட்டக்காரர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். பெயர் வேண்டியதில்லை. அவரைப் போன்றவர்கள் நாட்டின் எல்லாத் தோட்டப்புறங்களிலும் இருக்கிறார்கள். வயது அறுபதைக் கடந்துவிட்டது. தமிழ்ப்பள்ளியில் காலணி இல்லாமல் ஓடத் தொடங்கியவர். இடைநிலைப்பள்ளிக் குறுக்கோட்டத்தில் வென்றவர். பிறகு பிறை தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்து, இரவுப்பணி முடிந்த கையோடு பத்துக் கிலோமீட்டர் ஓடிவிட்டுத் தூங்கப் போனவர். இன்று அவர் தம் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கிறார் என்றால், சந்திப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “எத்தனை பதக்கம் வாங்கினீர்கள்?”

அந்தக் கேள்வி தவறானது. எவ்வளவு தவறானது என்பதை ஒரு சிறு கணக்கே காட்டிவிடும். வாரத்துக்கு 50 கிலோமீட்டர் ஓடுவது நெடுந்தூர ஓட்டக்காரருக்குப் பெரிய அளவன்று. அப்படி ஓடினால் ஆண்டுக்கு 2,600 கிலோமீட்டர். முப்பது ஆண்டுகளுக்கு 78,000 கிலோமீட்டர். பூமியை நிலநடுக்கோட்டில் ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் ஆகும். ஆக, அவர் பூமியை ஏறக்குறைய இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டார். இதில் போட்டிகளின் பங்கு எவ்வளவு? பத்துக் கிலோமீட்டர் போட்டிகளில் நூறு முறை கலந்துகொண்டிருந்தாலும் ஆயிரம் கிலோமீட்டர்தான். நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல். பதக்கத்தை மட்டும் கேட்பவர், அந்த ஒரு பங்கைப் பற்றி மட்டுமே கேட்கிறார். மற்ற தொண்ணூற்றொன்பது பங்கும் யாரும் பார்க்காத, யாரும் கைதட்டாத ஓட்டம். மழையில் ஓடியது, காய்ச்சல் விட்ட மறுநாள் ஓடியது, பணிநேரம் மாறிய வாரத்தில் தூக்கத்தை விட்டு ஓடியது எல்லாம் அதில் அடக்கம்.

அந்தத் தொண்ணூற்றொன்பது பங்கில் பெருமை மட்டும் இருப்பதாகச் சொல்வது பொய்யாகும். நேர்மையான ஓட்டக்காரர் திரும்பிப் பார்க்கும்போது வருத்தமும் இருக்கும். வலித்த குதிகாலுக்கு ஓய்வு கொடுக்காமல் ஓடி, ஒரு முழு ஆண்டைப் பாழாக்கியிருப்பார். பிள்ளைகள் கண்விழிக்கும் முன்னே வெளியேறி, அவர்கள் பள்ளிக்குப் போன பிறகு வீடு திரும்பியிருப்பார். உறவினர் திருமணத்தில் விருந்து முடியும் முன்னரே “காலையில் ஓட வேண்டும்” என்று எழுந்து போனதை அவருடைய அக்காவும் மாமாவும் இன்றும் மறந்திருக்க மாட்டார்கள். ஓட்டம் ஒழுக்கத்தைத் தரும் என்று மேடைகளில் சொல்கிறார்கள். பிடிவாதத்தையும் அதுவே தரும். அந்தப் பிடிவாதத்தின் விலையைப் பெரும்பாலும் வீட்டிலுள்ளவர்கள்தாம் செலுத்துகிறார்கள்.

உறவினர்கள் ஓயாமல் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு: “இப்படி ஓடினால் வயதான காலத்தில் முட்டி தேய்ந்துவிடும்.” இது உண்மையா? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1984இல் தொடங்கி, ஐம்பது வயதைக் கடந்த ஓட்டக்காரர்களையும் ஓடாதவர்களையும் இருபது ஆண்டுகளுக்கு நெருக்கமாகத் தொடர்ந்து கவனித்தார்கள். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, ஓடாதவர்களில் 34 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள். ஓடியவர்களில் 15 விழுக்காட்டினரே இறந்திருந்தார்கள். நடமாட்டக் குறைபாடும் ஓட்டக்காரர்களுக்குப் பல ஆண்டுகள் தள்ளியே வந்தது. அவர்களுடைய முழங்கால் மூட்டுகள் மற்றவர்களுடையதைவிட அதிகமாகத் தேய்ந்திருக்கவில்லை. உடல்நலம் உள்ளவர்கள்தாம் ஓட வருகிறார்கள் என்பதால், இந்த வேறுபாடு முழுவதையும் ஓட்டத்தின் கணக்கில் எழுதிவிட முடியாதுதான். ஆயினும் முட்டி தேயும் என்ற பயத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டுவதற்கு இதற்குமேல் நியாயம் இல்லை.

பதக்கத்தைக் கொண்டு ஓட்டக்காரரின் வாழ்க்கையை அளந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டின் கோ. லட்சுமணன் ஓர் எடுத்துக்காட்டு. புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த அவர், 2017இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் திடல்தடப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ஆகிய இரண்டு ஓட்டங்களிலும் தங்கம் வென்றார். அடுத்த ஆண்டு ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. 10,000 மீட்டர் ஓட்டத்தில், அதாவது திடலை இருபத்தைந்து முறை சுற்றும் ஓட்டத்தில், மூன்றாவதாக முடித்தார். வெண்கலப் பதக்கம் அவருடையது என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஓடும்போது அவருடைய கால் தடத்தின் உட்கோட்டைத் தாண்டிப் பட்டுவிட்டது என்று நடுவர்கள் கண்டறிந்து, அவரைத் தகுதிநீக்கம் செய்தார்கள். விதி விதிதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பதக்கப் பட்டியலை மட்டும் படிப்பவருக்கு லட்சுமணன் அன்று ஓடவே இல்லை. இருபத்தைந்து சுற்றும், அதற்கு முன்னிருந்த ஆண்டுகளும் ஒரு காலடியில் மறைந்துவிட்டன.

பட்டியலில் நிலைத்து நிற்கும் சாதனைகளின் நிலை என்ன? இங்கே சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. மலேசியாவின் மு. இராமச்சந்திரன் 1993இல் சிங்கப்பூரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றவர். அதற்கு அடுத்த ஆண்டு, 1994இல், அவர் 5,000 மீட்டரை 14 நிமிடம் 6.84 விநாடியிலும் 10,000 மீட்டரை 29 நிமிடம் 30.19 விநாடியிலும் ஓடித் தேசியச் சாதனைகளைப் படைத்தார். கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவற்றை யாராலும் முறியடிக்க முடியவில்லை. சிங்கப்பூரிலும் இதே கதைதான். வெறுங்காலோடு ஓடுவதற்குப் பெயர்பெற்ற பி. சி. சுப்பையா, 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் ஓடியவர். 1973இல் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டியில் 10,000 மீட்டரை அவர் 31 நிமிடம் 19 விநாடியில் ஓடி முடித்தார். அந்தச் சாதனை முறிய 41 ஆண்டுகள் ஆயின. 2014இல் அது முறிந்தபோதும், சில விநாடி வேறுபாட்டில்தான் முறிந்தது.

இத்தகைய சாதனைகளைக் குறிப்பிடும்போது “இன்றுவரை அசைக்க முடியவில்லை” என்று தமிழர்கள் மார்தட்டிக்கொள்கிறார்கள். அந்த ஓட்டக்காரர்களுக்கு அது பெருமைதான். ஊருக்கு அது பெருமையா? இத்தனை ஆண்டுகளில் காலணிகள் மேம்பட்டிருக்கின்றன, ஓடுதளம் செயற்கைத் தளமாகிவிட்டது, உணவும் பயிற்சி அறிவும் வளர்ந்திருக்கின்றன. உலக மராத்தான் சாதனை 2023இல் 2 மணி 35 விநாடி வரை வந்துவிட்டது. உலகம் இப்படி முன்னே போய்க்கொண்டிருக்கும்போது, ஒரு நாட்டில் சாதனைகள் மட்டும் அப்படியே நிற்கின்றன என்றால், பின்னால் வந்தவர்களுக்கு ஏதோ கிடைக்காமல் போயிருக்கிறது என்றுதான் பொருள். தாத்தா கட்டிய வீடு இன்னும் ஒழுகவில்லை என்று பெருமைப்படலாம். பேரன் ஒரு குடிசைகூடக் கட்டவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

எது கிடைக்காமல் போனது? இன்றைய பிள்ளைகள் சோம்பேறிகள், கைப்பேசியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள் என்பது பெரியவர்கள் எளிதாகச் சொல்லிவிடும் விடை. அது முழு உண்மையன்று. ஓட்டத்தில் ஆர்வம் செத்துவிட்டது என்றால், பினாங்குப் பால அனைத்துலக மராத்தானுக்கு ஆயிரக்கணக்கானோர் பதிவுசெய்வது எப்படி? வார இறுதிகளில் செரோக் தோக்குன் காட்டுப் பாதையில் புக்கிட் மெர்தாஜம் குன்றை நோக்கி ஏறுபவர்களின் கூட்டம் எங்கிருந்து வருகிறது? ஆர்வம் இருக்கிறது. அது பெரும்பாலும் வளர்ந்தவர்களின் ஆர்வம். பதிவுக் கட்டணத்துக்கும், காலணிக்கும், குன்றின் அடிவாரம் வரை போக வாகனத்துக்கும் வசதி உள்ளவர்களின் ஆர்வம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இவற்றுள் எதுவும் கையில் இல்லை. அவனுக்கு வேண்டியது வீட்டு வாசலில் தொடங்கும் ஒரு சாலை.

அந்தச் சாலைதான் தொலைந்துவிட்டது. இராமச்சந்திரனின் தலைமுறையில் தோட்டத்துப் பிள்ளை ஒருவன் ஓட வேண்டும் என்றால், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. லயத்தை விட்டு இறங்கினால் மண்சாலை. அதில் போவது மிதிவண்டியும், பால் ஏற்றும் வண்டியும், எப்போதாவது நிர்வாகியின் ஜீப்பும்தான். பாதங்களுக்கு மென்மையான தரை, தலைக்கு மேல் மர நிழல், எந்தப் பக்கம் ஓடினாலும் சில கிலோமீட்டர். பயிற்சியாளர் இல்லாத குறையைக்கூட அந்த மண் ஓரளவு ஈடுசெய்தது. தோட்ட வாழ்க்கை இனிமையானது என்று சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. பெற்றோர் இருட்டில் பிரட்டுக்குப் போன வாழ்க்கை அது. குறைந்த கூலியும் கடன் புத்தகமும் நிறைந்த வாழ்க்கை. அதிலிருந்து பிள்ளைகள் வெளியேறியது நல்லதே. ஆனால் வெளியேறும்போது ஓடும் தரையையும் சேர்த்து விட்டுவிட்டு வந்தார்கள். அதற்கு மாற்றாக எதையும் யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

இன்று ஜுருவில் ஒரு பிள்ளை விடியற்காலை ஓடக் கிளம்பினால், சில நிமிடங்களில் கனவுந்துகள் போகும் சாலைக்கு வந்துவிடுவான். வடக்கே பிறையில் 1985இல் திறக்கப்பட்ட முதல் பாலம். தெற்கே பத்து காவானில் 2014இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலம். இரண்டுக்கும் நடுவில் அமைந்த ஊர் என்பதால் போக்குவரத்து குறைய வாய்ப்பில்லை. நடைபாதையும் எல்லா இடங்களிலும் இல்லை. இந்த நிலையில் “வெளியே ஓடாதே” என்று தடுக்கும் தாயையோ, குறுக்கோட்டத்தைத் திடலுக்குள்ளேயே நடத்தி முடித்துவிடும் பள்ளியையோ குற்றம் சொல்ல முடியாது. ஒரு விபத்து போதும், எல்லாம் முடிந்துபோகும். ஆனால் நானூறு மீட்டர் திடலை மட்டும் சுற்றிச் சுற்றி வரும் பிள்ளை விரைவிலேயே சலித்துப்போவான். நெடுந்தூர ஓட்டத்துக்கு நெடுந்தூரம் வேண்டும்.

ஒரு மறுப்பு எழலாம். நெடுந்தூர ஓட்டக்காரர் ஒருவர் உருவாக வேண்டும் என்பதற்காக நகர வளர்ச்சியை நிறுத்த முடியுமா என்று கேட்கலாம். தொழிற்சாலைகள்தாம் இவ்வட்டாரத்துக் குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. மேற்சொன்ன ஓட்டக்காரரே அங்கு வேலை செய்துதான் பிள்ளைகளைப் படிக்கவைத்தார். யாரும் எதையும் இடிக்கச் சொல்லவில்லை. கேட்பது மிகச் சிறியது. 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தை, நாட்டின் முதன்மையான போக்குவரத்துப் பாதைகளுள் ஒன்றை, ஆண்டுக்கு ஓரிரவு வாகனங்களுக்கு மூடி, மராத்தான் ஓடுபவர்களுக்குத் திறந்துவிட அதிகாரிகளால் முடிந்திருக்கிறது. அதற்குக் காவலர்கள், மருத்துவ உதவியாளர்கள், மாற்றுப்பாதை அறிவிப்புகள் எல்லாம் ஏற்பாடாகின்றன. அப்படியிருக்க, குடியிருப்புப் பகுதியிலோ எஞ்சியிருக்கும் செம்பனைத் தோட்ட ஓரத்திலோ இரண்டு கிலோமீட்டர் சாலையை, வாரத்தில் இரு காலைகள், ஒரே ஒரு மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒதுக்குவது முடியாத காரியமன்று.

எந்தச் சாலையை ஒதுக்கலாம் என்று தேடுவதற்கு ஆய்வுக்குழு அமைக்க வேண்டிய தேவையும் இல்லை. எந்த வளைவில் வெள்ளம் தேங்கும், எந்தப் பக்கம் ஏழு மணி வரை நிழல் இருக்கும், எந்த மேட்டில் ஏறினால் தொடை கடுக்கும், எந்த வீட்டு நாய் துரத்தும் என்பதெல்லாம் தெரிந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். வயது அறுபதைக் கடந்துவிட்டது. இன்னும் காலை ஐந்தரைக்கு எழுந்து, முன்போல வேகமாக இல்லாவிட்டாலும், ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பள்ளியின் புறப்பாட ஆசிரியர் ஒருநாள் ஒரு வரைபடத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அவர்களில் ஒருவருடைய வீட்டுக்குப் போனால், பதக்கங்களைப் பற்றி அவர் பேச மாட்டார். ஜுருவின் பழைய தடங்களை ஒன்றொன்றாக வரைந்து காட்டிவிட்டு, “நாளைக்குக் காலையில் பிள்ளைகளை அழைத்து வாருங்கள் சார்” என்பார்.