பசிக்கு உரிமையா? பக்திக்கு உரிமையா?

அமெரிக்கா தேசத்தில் புளோரிடா மாகாணத்தில் போர்ட் லாடர்டேல் என்று ஒரு கடற்கரைப் பட்டணம் இருக்கிறது. அங்கே 2014-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 2-ந் தேதி ஞாயிற்றுக்கிழமையன்று, ஸ்ட்ரானஹான் பூங்கா என்னும் பொது இடத்தில், வீடு வாசலற்ற ஏழைகளுக்குச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்த ஆர்னால்டு அபட் என்கிற 90 வயதுக் கிழவரையும், அவரோடு நின்ற இரண்டு பாதிரிமார்களையும் போலீசார் தடுத்து, அவர்கள்மீது வழக்கு எழுதினார்கள். கிழவர் செய்த குற்றம் என்னவென்றால், பசித்தவன் கையில் ஒரு தட்டுச் சாப்பாடு கொடுத்ததுதான். ஆயுதத்தைக் கீழே போடச் சொல்லுவதுபோல், தட்டைக் கீழே போடும்படி போலீஸ்காரர் தமக்கு உத்தரவிட்டதாக அவரே பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். இதற்குத் தண்டனை 500 டாலர் வரை அபராதம், 60 நாள் வரை சிறைவாசம் என்று அப்போது சட்டம் இருந்தது.

இந்தச் சங்கதியைக் கேட்டவுடன் நம் தோழர்களில் சிலர், “இது பக்தர்களுக்கும் சர்க்காருக்கும் உள்ள சண்டை, கடவுள் இல்லை என்கிற நமக்கு இதில் என்ன வேலை?” என்று கேட்கிறார்கள். வைதிகர்களோ, “பார்த்தீர்களா, கடவுளை நம்புகிறவன்தானே சோறு போட்டுச் சிறைக்கும் துணிகிறான், உங்கள் பகுத்தறிவு யாருக்குச் சோறு போட்டது?” என்று நம்மை மடக்கப் பார்க்கிறார்கள். இந்த இரு திறத்தாருக்கும் பதில் சொல்லவேண்டியது நம் கடமை என்றே கருதுகின்றோம்.

முதலாவதாக, அந்தக் கிழவரை நாம் குறை சொல்ல வரவில்லை. அவர் இரண்டாவது உலக யுத்தத்தில் சண்டை செய்தவர். இறந்துபோன தமது மனைவியின் ஞாபகார்த்தமாக 1991-ல், பிறனை நேசி என்கிற பைபிள் வாசகத்தையே பெயராக வைத்து ஒரு தர்ம ஸ்தாபனம் ஏற்படுத்தி, வாரந்தோறும் ஏழைகளுக்குச் சாப்பாடு போட்டு வந்தார். வழக்கு எழுதிய மூன்றாம் நாளே கடற்கரைக்குப் போய் மறுபடியும் பரிமாறினார். மறுபடியும் வழக்கு எழுதப்பட்டது. 2019-ல் அவர் காலமானார். தொண்ணூறு வயதில் இவ்வளவு தைரியம் உள்ள மனிதரை நாம் மதிக்கின்றோம். அவர் கடவுளை நம்பியதற்காக அவர் கொடுத்த சாப்பாடு கசந்துபோகாது.

நிற்க, நகரசபையார் சொன்ன நியாயத்தையும் பார்ப்போம். சாப்பாடு போடுவதை நாங்கள் தடுக்கவில்லை, இடத்தைத்தான் ஒழுங்கு செய்கிறோம் என்றார்கள். வெளியிடத்தில் சாப்பாடு போடுகிற ஓர் இடத்திற்கும் மற்றோர் இடத்திற்கும், குடியிருக்கும் வீடுகளுக்கும் 500 அடி தூரம் இருக்கவேண்டும், கக்கூசு வசதி இருக்கவேண்டும் என்று விதி போட்டார்கள். சுகாதாரம் வேண்டியதுதான். ஆனால் நாம் கேட்கின்றோம்: கக்கூசு இல்லை என்பது குறையானால், கக்கூசு கட்டவேண்டியவர் யார்? வரி வாங்குகிற நகரசபையாரா, பரிமாறுகிற கிழவரா? வெளியிடத்தில் சோறு போட்டால் அவர்கள் தெருவிலேயே தங்கிவிடுவார்கள் என்றும் சொன்னார்கள். வீடு இல்லாததனால் தெருவில் இருக்கிறானேயொழிய, சோறு கிடைப்பதனால் தெருவில் இருக்கிறான் என்பது எந்த ஊர் நியாயம்? உண்மை என்னவென்றால், ஏழ்மை இருக்கலாம், ஆனால் அது பணக்காரன் கண்ணில் படக்கூடாது என்பதே அந்தச் சட்டத்தின் உள்கருத்து ஆகும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். சில வருஷங்களுக்கு முன்பே இதே அபட்டுக்கும் இதே நகரசபைக்கும் ஒரு வழக்கு நடந்தது. அதில் அவர் எதைக் காட்டி வாதாடினார்? பசித்தவர்களின் உரிமையையா? இல்லை. மத சுதந்தரத்தைக் காப்பதற்காக 1998-ல் புளோரிடாவில் செய்யப்பட்ட சட்டத்தைக் காட்டினார். ஏழைக்குச் சோறு போடுவது என் மதக்கடமை, அதைத் தடுப்பது என் மதத்தைத் தடுப்பது என்றார். கோர்ட்டும் அதை ஏற்று, நகரசபை அவருக்குத் தக்க வேறு இடம் காட்டவேண்டும் என்றது.

அதே ஸ்ட்ரானஹான் பூங்காவில், மதச் சார்பு இல்லாத மற்றொரு கூட்டத்தாரும் சாப்பாடு கொடுத்து வந்தார்கள். குண்டு வேண்டாம், சோறு வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. பட்டாளத்துக்குச் செலவிடும் பணத்தை ஏழைக்குச் செலவிடு என்று சொல்லிக்கொண்டே பரிமாறுகிறவர்கள். அவர்களும் வழக்குப் போட்டார்கள். 2018-ல் அப்பீல் கோர்ட்டார், இவர்கள் சோறு போடுவது ஒரு கருத்தை வெளியிடுவதாகும், ஆகவே அது பேச்சுச் சுதந்தரத்தில் சேர்ந்தது என்றார்கள். 2021-ல், அனுமதியில்லாமல் பூங்காவில் சாப்பாடு கொடுக்கக்கூடாது என்கிற விதியை அவர்கள்மேல் செலுத்துவது செல்லாது என்றும் தீர்ப்பளித்தார்கள்.

தோழர்களே! இந்த இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில், சோறு போட்டவனுடைய பக்திக்கு உரிமை கிடைத்தது. மற்றொன்றில், சோறு போட்டவனுடைய பேச்சுக்கு உரிமை கிடைத்தது. வரிசையில் நின்று தட்டை நீட்டினானே, அவனுடைய வயிற்றுக்கு என்ன உரிமை கிடைத்தது? ஒன்றும் இல்லை! கொடுக்கிறவன் நாளைக்குக் கொடுக்க மாட்டேன் என்று போய்விட்டால், வாங்குகிறவன் எந்தக் கோர்ட்டுக்கும் போக முடியாது. பக்தி இருக்கிறவரையில் சோறு, பக்தி தீர்ந்தால் பட்டினி. இதுதான் தர்மத்தின் யோக்கியதை.

இது மாத்திரமா? தர்மம் பல சமயங்களில் சும்மா வருவதில்லை, நிபந்தனையோடு வருகிறது. ஓரிகன் மாகாணத்தில் கிராண்ட்ஸ் பாஸ் என்கிற ஊரில் பூங்காவில் போர்வை விரித்துப் படுத்தவர்களுக்கு 295 டாலர் அபராதம் போட்டார்கள். அந்த ஊரில் வயது வந்தவர்கள் தங்குவதற்கு இருந்த மடம் கிறிஸ்தவ மடம். அதில் தங்கவேண்டுமானால் புகை பிடிக்கக்கூடாது, பிரார்த்தனைக்கு வரவேண்டும் என்று விதி. அதாவது, கடவுளைத் தொழுதால் கூரை, தொழாவிட்டால் அபராதம்! வழக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2024-ஆம் வருஷம் ஜூன் 28-ந் தேதி, 9 நீதிபதிகளில் 6 பேர், அப்படித் தண்டிப்பது அந்நாட்டு அரசியல் சட்டத்துக்கு விரோதமில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அதே வருஷம் ஜனவரியில் ஒரே இரவில் அந்நாட்டு சர்க்கார் எடுத்த கணக்கில் வீடற்றவர்கள் 7,71,480 பேர். முந்தின வருஷத்தைவிட நூற்றுக்கு 18 வீதம் அதிகம். உலகத்தில் பெரிய பணக்கார தேசம் அது. தெருவுக்குத் தெரு கோயில் கட்டி வைத்திருக்கிற தேசமும் அதுதான். கோயிலும் தர்மமும் வறுமையை ஒழிக்குமானால், அங்கல்லவா முதலில் ஒழிந்திருக்கவேண்டும்?

ஐக்கிய நாடுகள் சபையில் 2021 டிசம்பரில், உணவு மனிதனுடைய உரிமை என்னும் தீர்மானம் ஓட்டுக்கு வந்தபோது 186 தேசங்கள் ஆதரித்தன. எதிர்த்தவை இரண்டே இரண்டு. அவற்றில் ஒன்று அமெரிக்கா! தர்மம் செய்யத் தயார், உரிமை என்று ஒத்துக்கொள்ளத் தயாரில்லை. ஏன்? தர்மம் என்றால் வாங்குகிறவன் கைகூப்பி நிற்பான். உரிமை என்றால் நிமிர்ந்து நின்று கணக்குக் கேட்பான். அன்றியும், ஏழையே இல்லாமற்போய்விட்டால் புண்ணியவான்கள் எதைக் கொண்டு மோட்சத்துக்குச் சீட்டு வாங்குவது?

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே அன்னதானம் என்ற பெயரால் சத்திரங்களிலும் மடங்களிலும் நடந்த அக்கிரமம் எல்லாருக்கும் தெரிந்ததே. பார்ப்பானுக்கு உள்ளே தலைவாழை இலை, மற்றவனுக்கு வெளியே மிச்சம், பஞ்சமனுக்கு அதுவும் இல்லை. போடுகிறவன் வைத்ததே சட்டமாக இருந்தபடியால் யாரும் கேட்க முடியவில்லை.

இதற்கு மாறாக, 1920-ல் தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை நகரசபையார், ஆயிரம் விளக்கில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஒரு அணாவுக்கு மேற்படாத செலவில் பகல் சாப்பாடு போட்டார்கள். பின்னால் அது நின்றுபோயிற்று. காமராசர் 1956-ல் அதை ராஜ்யம் முழுவதும் பரப்பினார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 2001 நவம்பரில் இந்திய சுப்ரீம் கோர்ட்டே, எல்லா சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளிலும் சமைத்த சாப்பாடு போடவேண்டும் என்று உத்தரவிட்டது. 2022 முதல் தமிழ்நாட்டில் காலைச் சாப்பாடும் வந்திருக்கிறது. இதற்காக எந்தப் பிள்ளையும் பஜனை பாட வேண்டியதில்லை, ஜெபம் செய்ய வேண்டியதில்லை, யாருக்கும் கும்பிடு போட வேண்டியதில்லை.

இங்கே சாதி ஒழிந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. 2018-ல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு சர்க்கார் பள்ளியில், தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் சமைக்கக்கூடாது என்று மேல்சாதிக்காரர்கள் மறித்தார்கள். அதிகாரிகளும் முதலில் பயந்து அந்தப் பெண்ணை மாற்றிவிட்டார்கள். ஆனால் ஜனங்கள் எதிர்த்துக் கேட்டார்கள். மாற்றல் உத்தரவு ரத்தாயிற்று. மறித்தவர்கள்மேல் வன்கொடுமைச் சட்டப்படி வழக்கும் பதிவாயிற்று. இதே காரியம் ஒரு மடத்து அன்னதானத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? “எங்கள் தர்மம், எங்கள் வழக்கம், இஷ்டமிருந்தால் சாப்பிடு” என்று கதவைச் சாத்தியிருப்பார்கள். உரிமைக்கும் தர்மத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஆகவே, உங்கள் பகுத்தறிவு யாருக்குச் சோறு போட்டது என்று கேட்கிற வைதிகருக்கு நாம் சொல்லுவதாவது: பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற பிள்ளைகளைப் போய்ப் பாருங்கள். சாமி பெயரைச் சொல்லாமலே அந்தச் சோறு வேகிறது. சாதி பெயரைக் கேட்காமலே அது தட்டில் விழவேண்டும் என்பதுதான் எங்கள் கட்சி.

நமக்கென்ன வேலை என்கிற தோழருக்கு நாம் சொல்லுவதாவது: பசித்தவன் கையிலிருக்கும் தட்டைத் தட்டிவிடுகிற சர்க்காரோடு நாம் ஒருநாளும் சேர முடியாது, போடுகிறவன் பாதிரியாயிருந்தாலும் சரி, பண்டாரமாயிருந்தாலும் சரி. உங்கள் தெருவில் ஒருவன் பசித்திருந்தால் இன்றைக்கே சோறு போடுங்கள், மதத்தைக் கேட்காமல் போடுங்கள். ஆனால் போட்டுவிட்டு, புண்ணியம் சேர்ந்தது என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளாதீர்கள். அவனுக்கு ரேஷன் கார்டு இருக்கிறதா, அரிசி சரியான எடையில் வருகிறதா, பிள்ளை பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து சாப்பிடுகிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அவனையும் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போய் நில்லுங்கள். நாளைக்கு அவன் உங்கள் வாசலில் வந்து கையேந்தாமல், தனக்குரியதைத் தானே கேட்டு வாங்கும்படி செய்யுங்கள். அதுதான் சோறு, அதுதான் சுயமரியாதை.