முதல்ல தண்டவாளம், அப்புறம்தான் ஊர்!

செங்கல்பட்டு மாவட்ட மக்களே,

தாம்பரம் மின்சார ரயில்ல தினமும் தொங்கிக்கிட்டுப் போறீங்களே, அது எந்த வருஷம் ஓட ஆரம்பிச்சதுன்னு தெரியுமா? 1931. பீச்சிலிருந்து தாம்பரம் வரை, மீட்டர் கேஜ் பாதையில். தென்னிந்தியாவிலேயே முதல் மின்சார ரயில் பாதை அதுதான்.

அன்றைக்கு சைதாப்பேட்டையைத் தாண்டினால் பெரும்பாலும் ஏரியும் வயலும்தான். நடுவில் குரோம் தோல் தொழிற்சாலை ஒன்று. குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே அதனால்தான்! ஜனம் சேரட்டும், பிறகு பார்க்கலாம் என்று யாரும் காத்திருக்கவில்லை. ரயில் ஓடியது, அதைப் பிடித்துக்கொண்டு ஊர்கள் வளர்ந்தன. வெள்ளைக்காரன் நம்ம மேல பாசத்துல செஞ்சான்னு சொல்ல வரலை. ஆனா வரிசை சரியா இருந்துச்சு.

சுதந்திர நாட்டில் நாம் அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டோம்.

பழைய மகாபலிபுரம் சாலையைப் பாருங்க. டைடல் பார்க் திறந்தது 2000-ல். சிறுசேரி வரைக்கும் கண்ணாடிக் கட்டடமா முளைச்சுது. சிறுசேரிக்குப் போகும் மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு அடிக்கல் நாட்டினதே 2020-ல்தான்! அந்த இருபது வருஷமும் நம்ம பிள்ளைங்க பஸ்ஸிலயும் ஷேர் ஆட்டோவிலயும் கழிச்சாங்க.

வேளச்சேரி - பரங்கிமலை பறக்கும் ரயில் கதை இதைவிட மோசம். வெறும் 5 கிலோமீட்டர். 2008-ல் தொடங்கிய வேலை, பத்து வருஷம் தாண்டியும் முடியலை. ஆதம்பாக்கம் பக்கம் சுமார் 500 மீட்டர் நிலத்துக்கான வழக்கிலேயே காலம் போச்சு. வீடு கட்டி ஜனம் குடியேறின பிறகு போய் நிலம் கேட்டா யார்தான் கொடுப்பாங்க? அவங்களைக் குறை சொல்ல முடியாது.

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறந்தாங்க. தண்டவாளம் எதிரிலேயே ஓடுது, ஆனா திறந்த அன்றைக்கு அங்கே ரயில் நிலையம் இல்லை! மூட்டை முடிச்சோடு, குழந்தையோடு நடுராத்திரி இறங்கினவங்க வண்டலூருக்கோ தாம்பரத்துக்கோ ஆட்டோ தேடி அலைஞ்சதை நாமெல்லாம் பார்த்தோம்.

மறைமலைநகர், சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி இப்போ மனைப்பிரிவு பலகைகள் வரிசையா நிக்குது. அங்கே கடைசி மனை விற்றுத் தீரும் முன்னாடியே ரயிலுக்கும் நிலையத்துக்கும் வேண்டிய நிலத்தைக் குறிச்சு ஒதுக்கி வைக்கணும். மாநில அரசும் ரயில்வேயும் ஒருத்தரை ஒருத்தர் கைகாட்டாமல் சேர்ந்து உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது.

உங்க ஊர் கிராம சபை கூடும்போது இதைத் தீர்மானமா கொண்டு வாங்க. மினிட் புத்தகத்தில் எழுதச் சொல்லி, நகல் கேட்டு வாங்குங்க.