இடம் அறியாத கமரா

“கமரா பழுதாகிவிட்டது, சேர்!” என்று முகம் வாடி நின்றான் என் மாணவன்.

ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் ஒரு பழைய காணிக்குச் சென்றிருந்தோம். 2009ஆம் ஆண்டு முடிவுற்ற போரின்போது மக்கள் இடம்பெயர்ந்தபின் பற்றை மண்டிய அக்காணியில், கட்டில்லாக் கிணறொன்று வாய்பிளந்து கிடந்தது. மாடு மேய்க்கும் சிறுவர் நடமாடும் இடமன்றோ! மாரிக்கு முன் படமெடுத்து, இடக்குறியுடன் பிரதேச சபைக்கு அனுப்புவதே எங்கள் நோக்கம்.

கமராவிலுள்ள ஜீ.பீ.எஸ். இடத்தைக் காணாது தேடிக்கொண்டே இருந்தது. பொறுமையிழந்த மாணவனோ இரண்டு நிமிடத்துக்கொருமுறை அதை அணைத்து மீண்டும் இயக்கினான். பிழை அங்கேதான்.

ஜீ.பீ.எஸ். செய்மதிகள் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது 4 செய்மதிகளின் சமிக்ஞை கிடைத்தாலன்றி இடம், உயரம், நேரம் ஆகியவற்றை முழுமையாகக் கணித்தல் இயலாது. முகில் அச்சமிக்ஞையைப் பெரிதும் தடுப்பதில்லை. அடர்ந்த பாலையும் வீரையும், தகரக் கூரையும் தடுக்கும். மேலும், ஈராண்டு பெட்டியில் உறங்கிய கமரா செய்மதிகளின் இருப்பை மறந்திருக்கும். அவ்வட்டவணை முழுவதையும் வானிலிருந்து பெற 12½ நிமிடம் வேண்டும். கைத்தொலைபேசிக்குக் கோபுரங்கள் அதனை விரைந்து கொடுத்துவிடும். எங்கள் கமராவுக்கு அத்துணை இல்லை.

ஆகவே, கண்ணிவெடி அகற்றப்பட்ட பாதையால் வெட்டவெளிக்கு வந்து, கமராவை அசையாது வைத்துக் காத்திருந்தோம். கால்மணி நேரத்தில் இடம் தெரிந்தது. அதன்பின் அணைக்காமலே கிணற்றடிக்குச் சென்று படமெடுத்தோம்.

முன்னர் எடுத்த படத்தைப் பார்த்தபோதுதான் திடுக்கிட்டேன். கமரா தன் பழைய நினைவிலிருந்த கிளிநொச்சியின் இடக்குறியை அதிற் பொறித்திருந்தது! இரண்டிலும் அகலாங்கு 9 பாகை, நெட்டாங்கு 80 பாகையே, கலைகளில்தான் வேற்றுமை. அகலாங்கில் ஒரு கலை பிழைத்தால் நிலத்தில் ஏறத்தாழ 1.85 கிலோமீற்றர் பிழைக்கும். இடம் காட்டாத கருவியை நாம் ஐயுறுவோம். தவறான இடத்தைக் காட்டும் கருவியையோ நம்பிவிடுவோம். அப்படத்தை உடனே அழித்தோம்.

எங்களுக்கு வழிகாட்டி வந்த மூதாட்டி அதுவரை பேசாதிருந்தார். “மாஸ்ரர், வீரை மரத்துக்கு மேற்காலை பத்து முழமெண்டும் எழுதி வையுங்கோ” என்றார்.

இரண்டையும் எழுதிக் கொடுத்தோம்.